ஆணியில் தொங்கிய கருவி

கல் அறுக்கும் பட்டறையில் தூசி அளக்க வந்த பெண்ணை அங்கே வேலை பார்க்கும் பெரியவர் நம்பவில்லை. சட்டைக் காலரில் மாட்டும் கருவியில் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் புது வெள்ளைத் தாள் வைத்து, "நாளைக்கு வேலை ஆரம்பிக்கும்போது ஓட விடுங்க பெரியவரே" என்று கொடுத்தாள். பட்டறையில் வைத்தால் முதலாளி தில்லுமுல்லு செய்வான் என்று அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. துணி துவைக்கும் இடத்து ஆணியில் அப்படியே மாட்டிவிட்டார்.

காலையில் பட்டறையில் அந்தப் பெண் கருவியைத் திறந்தபோது தாள் சாம்பல் நிறமாக இருந்தது.

"நேத்தே கல்லு அறுத்தீங்களா?"

"அட போம்மா. வீட்டுல சும்மா தொங்குச்சு. உன் மெஷின் புளுகுது."

"அப்ப வீட்டுல யாரு தூசி கிளப்புறது?"

பெரியவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அவர் வேலையில் முகமூடி போட்டுக்கொள்வார். மனைவி போடுவதில்லை. தினமும், "பட்டறையையே சட்டையில கட்டிட்டு வந்துட்டீங்களே" என்று கேலி செய்துகொண்டே அவர் சட்டையைச் சுவரில் அடித்து உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். மாதக்கணக்காக இருமுகிறாள். "இருமியே ஊரைக் கூட்டாத" என்று இவர்தான் எரிந்து விழுவார்.

கல் அறுக்கும்போது அவர் போடும் மேல்கோட்டை இன்று துவைக்கப் போவதாக மனைவி சொல்லியிருந்தாள்.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார். தெருமுனையிலேயே துணி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. நடுநடுவே இருமல். நிறுத்து என்று கத்த வாயெடுத்தார், மூச்சு வரவில்லை.