வீட்ல ஆள் இருக்கணும்

சேரப்பணஞ்சேரியில் மாடி வீடு கிடைத்த அன்று ஷாலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளும் டெனிசனும் சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறையில்தான் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மெஸ்ஸின் தாளிப்புப் புகை நேராகத் தலையணைக்கு வரும். இங்கே இரண்டு அறை, தனிச் சமையற்கட்டு, மேலே மொட்டை மாடி. கீழே குடியிருந்த வீட்டுக்காரி காவேரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "புதுசா பெயிண்ட் அடிச்ச செவுரு. ஆணி கீணி அடிக்கக்கூடாது."

குட்டியானை வண்டியில் சாமான் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுக்கவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு காட்டும். கொஞ்சம் நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

பழைய வீட்டில் வைஃபை இருந்ததால் இந்தக் கஷ்டம் தெரியாமல் போயிருந்தது. இப்போது மார்த்தாண்டத்திலிருந்து அம்மா கூப்பிட்டால் லைன் கிடைப்பதில்லை. ஷாலின் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பஸ் நேரம் மாறினால் வாட்ஸ்ஆப் குரூப்பில்தான் போடுவார்கள். அது வராமல் ஒருநாள் சாப்பாட்டுப் பையோடு ஸ்டாப்பில் நின்று, எப்போதோ போய்விட்ட பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. டெனிசனுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் அவளுக்கு செகண்ட். அவளுக்கு ஃபர்ஸ்ட் என்றால் அவனுக்கு நைட். அவன் எழுந்து போன சூடு ஆறுமுன் அவள் வந்து படுத்த நாட்கள் உண்டு. வீட்டில் இருப்பவர் வெளியே இருப்பவருக்கு வாட்ஸ்ஆப்பில் குரலைப் பதிந்து அனுப்புவதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய விதம். "மாவு பொங்கிகினு வந்திச்சு, ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டேன்" என்பான் அவன். அவள் பிரேக்கில் லாக்கரைத் திறந்து, போனைக் காதில் வைத்து அதை இரண்டு தடவை கேட்பாள். மாவுக்காக இல்லை, குரலுக்காக. வீடு மாறியதிலிருந்து அந்தக் குரலும் நின்றுபோயிற்று.

வைஃபை இணைப்பைப் புது விலாசத்துக்கு மாற்றித் தரச் சொல்லி, குடிவந்த மறுநாளே டேங்கடியில் நின்று இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். பதிவு பண்ணிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துக்கு வயர் இழுப்பவர் முனிரத்தினம் என்று ஒருத்தர். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் வரச்சொல்ல வூட்ல ஆள் இருக்கணும்மா."

முதல் தடவை அவர் வந்தபோது ஆள் இருந்தது. நைட் முடிந்து வந்த டெனிசன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். முனிரத்தினம் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். போன் போட்டிருக்கிறார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அது சொல்லியிருக்கிறது. இரண்டாம் தடவை வந்தது அவள் கிளம்பிப் போனதற்கும் அவன் வந்து சேர்வதற்கும் நடுவில். கம்பெனி ஆப்பில் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று போட்டுப் பதிவையே ரத்து செய்துவிட்டார்கள்.

ஷாலின் மறுபடி பதிவு செய்தாள். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். எந்நேரம் என்று சொல்லவில்லை.

"நான் லீவு போட்டுடறேன்," என்றான் டெனிசன்.

"நீங்க ஒண்ணும் போட வேண்டாம். நான் போடுறேன்."

"உன் லீவ எடுத்தா கிறிஸ்மஸுக்கு உங்க ஊருக்கு இன்னாத்த வெச்சுகினு போவ?"

"நீங்க லீவு எடுத்தா மட்டும் நான் ஒத்தையிலயா போவேன்?"

இருவரும் கிறிஸ்துமஸுக்கென்று லீவைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ஜோடியாக அவள் ஊர்க் கோயிலில் உட்காரப்போகும் முதல் கிறிஸ்துமஸ். கடைசியில் யாரும் லீவு போடுவதில்லை, வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்த கையோடு ஷாலின் கம்பெனிக்குப் போய்ச் சத்தமில்லாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். சொன்னால் விடமாட்டான், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை விடியலில் டெனிசன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் வீட்டைப் பெருக்கி, வயர்க்காரர் உட்கார ஒரு நாற்காலி போட்டு, வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைத்துக் காத்திருந்தாள். அடிக்கடி டேங்கடிக்குப் போய்ப் போனைப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய ஷிஃப்ட் பஸ் போகிற நேரமும் தாண்டிப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். யாரோ மெதுவாக, திருட்டுத்தனமாக ஏறி வருகிற மாதிரி இருந்தது. வெளியே பூட்டு இருக்கும் இடத்தைக் கை தடவும் சத்தம் கேட்டது. வயர்க்காரர் என்றால் தட்டியிருக்க வேண்டுமே! ஷாலின் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். கதவு திறந்தது. ஒரு கையில் சாவியும் மறு கையில் பிரியாணிப் பொட்டலமுமாக டெனிசன் நின்றான்.

"நீ வேலைக்குப் போவல?"

"நீங்க போவலியா?"

அவன் விளக்குமாற்றைப் பார்த்தான். "மொதல்ல அத்த கீழ வையி."

மெல்ல மெல்ல உண்மை வெளிவந்தது. அவனும் முந்தின நாளே லீவு சொல்லியிருந்தான். காலையில் கிளம்பிப் படப்பைக்குப் போனவன், அவள் வேலைக்குப் போகும்வரை நேரத்தைக் கடத்த வேண்டுமே என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். டீக்கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியதும் சலூனுக்குள் நுழைந்து, வேண்டாத முடியை வெட்டிக்கொண்டிருக்கிறான். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, வருகிற போகிற பஸ்ஸையெல்லாம் எண்ணியிருக்கிறான்.

"காலையில இருந்து பஸ் ஸ்டாண்டிலயா?" ஷாலினுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? இப்பம் ரெண்டு பேருக்கும் லீவு போச்சுல்லா!"

"நீ சொன்னியா?"

அப்போதுதான் அவள் அவன் தலையைப் பார்த்தாள். ஒரு பக்கக் கிருதா மேலேயும் மறு பக்கம் கீழேயும் இருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து, விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் வந்தால் எடுக்க வேண்டுமே என்று இருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு டேங்க் நிழலுக்குப் போனார்கள். அவன் ஒருவனுக்கென்று வாங்கி வந்த பிரியாணியை நடுவில் பிரித்து வைத்தார்கள். வேலை நாளில், பகல் வெளிச்சத்தில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. டெனிசன் முட்டையை அவள் பக்கம் தள்ளினான். அவன் சாப்பிடும்போது அடிக்குரலில் எதையோ முனகிக்கொண்டே சாப்பிடுவான் என்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் விருந்தாளி யாராவது இருப்பார்கள், அல்லது இவர்கள் யார் வீட்டிலாவது இருப்பார்கள்.

"என்ன பாட்டு அது?"

"எது?"

"இப்பம் பாடினது."

"நானா? நான் எங்க பாடினேன்?" என்றான் அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. சாப்பிட்டு முடித்து அவள் மடியில் தலை வைத்துப் படுத்தான். "லைன்ல ஒரு நாளு மெஷின் நின்னா சூப்பர்வைசர் குதிப்பான். இன்னிக்கு நான் நின்னுட்டேன், ஒண்ணும் ஆவல பாரு," என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான். அவள் போனைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வயர்க்காரர் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார். தோளில் வயர்ச் சுருள், கையில் டிரில். "இன்னிக்கு ஆள் கீதே!" என்றார் முனிரத்தினம். கம்பத்திலிருந்து வயரை இழுத்துவந்து, ஜன்னலோரம் துளை போட டிரில்லை வைத்த நேரம் பார்த்துக் கீழே காவேரியின் குரல் கேட்டது. அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"தே! இன்னாத்துக்கு செவுத்த நோண்டுறீங்க?" என்று வேகமாகப் படியேறி வந்தவள், வாசலில் இருவரும் சேர்ந்து நிற்பதைக் கண்டதும் அப்படியே நின்றாள். முகம் மாறியது.

"ராசி ஆயிட்டீங்களா?"

"என்ன ராசி அக்கா?" என்றாள் ஷாலின்.

"நானும் வந்த நாளா பாத்துகினே கீறேன். அவரு வந்தா நீ போயிடற, நீ வந்தா அவரு போயிடறாரு. புதுசா கட்டிக்கினதுங்களுக்குள்ள இன்னா சண்டையோன்னு எனக்குச் சோறே எறங்கல. எங்கம்மனுக்கு வெளக்கு போட்டு வேண்டிக்கினேம்மா!"

டெனிசன் சிரித்தான். ஷாலினுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. "சண்டையெல்லாம் இல்லக்கா. ஷிஃப்டு," என்றாள் காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு.

காவேரி முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "சின்னதா போடு. பெயிண்ட் உதிர்ந்துச்சுன்னா நீதான் பூசிக் குடுக்கணும்."

துளை விழுந்தது. வயர் உள்ளே வந்தது, வைஃபை பெட்டி மாட்டியாயிற்று. ஆனால் பெட்டியில் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. முனிரத்தினம் ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். ஏரிக்கரை திருப்பத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று மெயின் வயரையே அறுத்துக்கொண்டு போயிருந்ததாம். "அத்த ஒட்டினாத்தான் இங்க வரும். நாளைக்கு வர்றேன். ஆனா வூட்ல ஆள் இருக்கணும்."

டெனிசனும் ஷாலினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு எனக்கு வார லீவுதானே," என்றாள் காவேரி. "சாவியக் குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன். இத்த மொதல்லயே சொல்லியிருந்தா போன வாரமே முடிஞ்சிருக்குமே!"

மறுநாள் காவேரி மாடியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி வேலையை முடித்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஷாலின் முதல் வேலையாக அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள், காவேரியைக் காட்டினாள். பிறகு மெல்ல, லீவு குறைந்துபோன விஷயத்தையும் சொன்னாள். வந்தாலும் கிறிஸ்துமஸ் அன்றைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

அம்மா திரும்பி அப்பாவிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அதுக்கு என்னத்துக்கு மக்ளே மொகத்த அப்பிடி வச்சிருக்க?" என்றாள் அம்மா. "நீங்க வராண்டாம். நாங்க அங்க வாறோம். அப்பா, நான், உன் அக்கா, பிள்ளையளு எல்லாரும். ரெண்டு முறி இருக்குல்லா, எல்லாருக்கும் படுக்க அது போதும்."

ஷாலின் டெனிசனைப் பார்த்தாள். அவன் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய், காவேரியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, நம்ம டேங்குல தண்ணி அத்தினி பேருக்குப் பத்துமா?"