ஜிலேபி, கோயலா, ஒரு தும்மல்

கல்யாண மண்டபத்தில் கவிதா தன் புது அண்ணியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் பூனை பிடிக்குமா?"

கோபிசெட்டிபாளையத்தில் அந்த அண்ணி தமிழ்செல்வியின் வீட்டில் மாடு இருந்தது, கோழிகள் இருந்தன. பூனையை அவள் மதில்மேல்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கேட்ட முகத்தைப் பார்த்ததும், "பிடிக்குமே" என்றுதான் வாயில் வந்தது.

அந்த முகம் ஏன் அவ்வளவு பயந்திருந்தது என்பது டெல்லிக்கு வந்த பிறகு புரிந்தது. கவிதாவின் அப்பா சர்க்கார் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர். அவருடைய வேலையும் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸும் மகன் ஜெயசீலனுக்கு வந்தன. மகள் கவிதாவுக்கு வந்தவை, ஆபீஸ் மாடிப்படிக்கு அடியிலிருந்து அவர் சாப்பாட்டுப் பையில் போட்டுத் தூக்கி வந்த இரண்டு குட்டிகள். ஆரஞ்சு நிறத்தவள் ஜிலேபி. கரியவன் கோயலா, ஹிந்தியில் கரி. கவிதா கல்லூரியிலிருந்து வந்ததும் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

குளிர் தொடங்கி, ஜன்னல்களைச் சாத்தியதும் தமிழ்செல்விக்குத் தும்மல் ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மூக்கில் யாரோ இறகால் வருடுவதுபோல இருக்கும், கண்ணோரம் அரிக்கும், வரிசையாகத் தும்முவாள்.

"டெல்லித் தூசு. பழகிடும்" என்றான் ஜெயசீலன்.

தூசு என்றால் மொட்டை மாடியில்தான் அதிகம் தும்ம வேண்டும். அங்கே வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது தும்மலே வருவதில்லை. கீழே வந்து, ஜிலேபி ஒருமுறை காலில் உரசிவிட்டுப் போனால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடும். தமிழ்செல்விக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூனைகள் போய்விடும். போகாவிட்டாலும், ஒவ்வொரு தும்மலுக்கும் கவிதா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அதைத் தாங்க முடியாது.

மார்க்கெட்டில் மருந்துக் கடைக்காரரிடம் மூக்கைத் தொட்டுக் காட்டி, பூனைக்கு ஹிந்தியில் வார்த்தை தெரியாமல் "மியாவ்" என்றாள். அவர் சிரிக்காமல் ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். தும்மல் நின்றது. ஆனால் மாத்திரை போட்ட சற்று நேரத்தில் தூக்கம் வந்தது, அவள் பார்த்தேயிராத ஏதோ ஒரு தேசத்தில் பனி பெய்வதைப்போல, சத்தமில்லாமல், எல்லாவற்றின் மேலும்.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் தாயம்மாள், தம்பி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் பார்த்தாள். மருமகள் பட்டப்பகலில் தூங்குகிறாள். சோறு இறங்கவில்லை. தட்டில் எலுமிச்சை ஊறுகாயை மட்டும் நக்கிக்கொண்டிருக்கிறாள். ஏதோ மாத்திரையை ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்கிறாள்.

தாயம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தை மூன்று மாதம் தாண்டும்வரை வாய்விட்டுப் பேசக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவள் வீட்டு வழக்கம். மறுநாளே மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் மருமகள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து வந்தாள். தண்ணீர் வாளியைத் தூக்க விடவில்லை. கனமான பஞ்சுப் போர்வைகளை, அந்த ரஜாய்களை, தானே மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். தூங்கும் மருமகளின் மேல் தன் சால்வையைப் போர்த்தினாள்.

தன்னை இவ்வளவு பிடித்துவிட்டதா என்று தமிழ்செல்விக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சால்வைக்குள் அவள் சந்தோஷமாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் பிரம்புக் கூடை இருந்தது. கோயலா உள்ளே. ஜிலேபி கவிதாவின் மடியில்.

"நொய்டாவுல தெரிஞ்சவங்க வெச்சுக்கறேன்னாங்க. ஜல்தி கெளம்பு" என்றாள் தாயம்மாள்.

"க்யோன்மா, ஏன்? இதுங்க என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. இப்போதைக்கு வீட்டுல பூனை ஆகாது."

"அண்ணிக்கா? அண்ணி கேட்டாங்களா?"

"அவ எங்க கேட்டா? அந்தப் புள்ள வாயே தெறக்கல. நாமதான் பாத்துச் செய்யோணும்."

அறை வாசலில் நின்ற தமிழ்செல்வி முன்னால் வந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா, அத்தை?"

"ரெண்டு பெத்தவளுக்கு இது தெரியாதா கண்ணு?"

வாளி, ரஜாய், சால்வை எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு அர்த்தமாயின. பேசாமல் இருந்தால் அந்தச் சால்வை இன்னும் சில நாள் அவளுடையது. ஆனால் கூடைக்குள் கோயலா பிரம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க நெனைக்கறது இல்லீங்க அத்தை. எனக்குப் பூனை ஒத்துக்கலீங்க. தும்மலுக்கு மாத்திரை போடறனுங்க. அதுலதான் தூக்கம்."

தாயம்மாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஊறுகா?"

"வாய் காயுதுங்க."

"என்னம்மா விஷயம்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஜெயசீலன் கேட்டான்.

"நீ பேப்பர் படி."

கவிதா ஜிலேபியைத் தூக்கித் தானே கூடைக்குள் விட்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அண்ணி. நானே விட்டுட்டு வரேன். சச்சி, நெஜமா கோபமில்ல."

தமிழ்செல்வி கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது, அழுகையா அரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "இதுங்க எனக்கு முன்னாடி வந்ததுங்க, கவிதா. மாமா கொண்டு வந்தது. இதுங்கள அனுப்பிட்டு நான் இங்க எப்படி இருப்பேன்?" சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்தது. இன்னொன்று. கைப்பிடியை மட்டும் விடவில்லை.

தாயம்மாள் எழுந்து சமையலறைக்குப் போனாள். வெகு நேரம் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"கூடையத் தெற. அது உள்ள கத்துது."

மறுநாள் டிஸ்பென்சரிக்கு மாமியாரே கூட்டிப் போனாள். லேசான ஒவ்வாமைதான், மூச்சிரைப்பு இல்லை, அப்படி வந்தால் உடனே வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. தூக்கம் வராத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்து, வேண்டியபோது மட்டும் போடச் சொன்னார். படுக்கையறைக்குள் பூனை கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

தாயம்மாள் அதையெல்லாம் சட்டமாக்கினாள். வெந்நீரில் ரஜாய் உறைகளைத் துவைத்தாள். படுக்கையறை வாசலில் கோயலா தலைகாட்டினால், "ஏ கரிக்கட்ட, எங்கடா போற?" என்று குரல் வரும். கவிதா முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, பால்கனியில் வைத்து இரண்டுக்கும் ரோமம் சீவி விடுவாள். தமிழ்செல்வி இப்போதும் எப்போதாவது தும்முவாள். கவிதா திரும்பிப் பார்க்காமலே, "இது ஜிலேபி தும்மல்" என்பாள்.

ஒரு நாள் கீழ்வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் நெய் உருண்டைகளை டப்பா நிறையக் கொண்டு வந்து நின்றாள். ஹிந்தியில் சொன்னால் கண் படாது என்று நினைத்தாளோ என்னவோ, தாயம்மாள் அவளிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

"பச்சா நஹீ ஹை, பெஹன்ஜி" என்றாள் தாயம்மாள் நிதானமாக. "பில்லி ஹை."

குழந்தையில்லை, பூனை என்றால் என்ன அர்த்தமென்று ஆன்ட்டிக்கு விளங்கவில்லை. டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

தமிழ்செல்வி தலைகுனிந்து நின்றாள். தாயம்மாள் டப்பாவைத் திறந்து, ஒரு உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"சாப்பிடு கண்ணு. தும்மறதுக்கும் தெம்பு வேணுமல்ல."