கருப்பியின் பன்னிரண்டாம் பாடம்

யுத்தம் தொடங்கிய இரண்டாவது வருஷம், விழுப்புரத்தில் இருதயராஜ் என்பவரை உதைப்பதற்கு ஆட்கள் தயாராக இருந்தார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இருதயராஜ் யார், எங்கே இருக்கிறார் என்ற இரண்டு சிறு விவரங்கள்தான் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் என் சித்தப்பா. காலேஜில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் என்பதால் சும்மா இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய யாரும் 'கருப்பியின் பயணம்' படிக்காமல் தாண்டியதில்லை. விழுப்புரம் சந்தையில் விற்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளாடு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஒலக்கூரில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்தே போகிறது. காக்கை, கழுதை, ரயில்வே கேட்டுக்காரர், போலீஸ்காரர் என்று பாடத்துக்கு ஒருவரிடம் வழி கேட்கிறது. எல்லோரும் மிகுந்த அக்கறையோடு தப்பு வழி சொல்கிறார்கள். ஒவ்வொரு பாடமும் "கருப்பி நின்றது. கருப்பி யோசித்தது. கருப்பி நடந்தது" என்று முடியும். உபாத்தியாயர் பிரம்பைத் தூக்கினால் வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கும். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே மாடு மேய்த்தவர்களுக்கும் அது மனப்பாடம்.

மொத்தம் பன்னிரண்டு பாடம். ஆனால் வருஷக் கடைசியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் தேவைப்படும். பிள்ளைகள் கொல்லைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே படிப்பு எப்போதும் பதினொன்றோடு நிற்கும். புஸ்தகம் கை மாறிக் கை மாறி வருவதால் கடைசித் தாளும் இருக்காது. இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அதை எழுதியவர் சித்தப்பா. ஒலக்கூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். கல்யாணமான மறு வருஷம் எழுதினார். அச்சிட்டவர்கள் அச்சுக்கூடத்தின் பெயரைப் போட்டார்கள், அனுமதி கொடுத்த துரையின் பெயரைப் போட்டார்கள், எழுதியவர் பெயரை மறந்துவிட்டார்கள். இருபது வருஷமாக அவர் "நான்தான் எழுதினேன்" என்று சொல்லிவந்தார். யாரும் நம்பவில்லை. முக்கியமாக, என் சின்னம்மா லூர்துமேரி நம்பவில்லை.

"உப்பு வாங்கியாங்கன்னா புளி வாங்கிக்கினு வர்ற மனுசன். இவரு புஸ்தகம் எழுதினாராம்" என்பார்.

இந்த நிலையில்தான் மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர், அச்சுக்கூடத்தில் விசாரித்துக்கொண்டு வந்து கதையைக் கேட்டார். என்ன வேண்டும் என்றார். சித்தப்பா, "பேரைப் பெருசா போடுங்க" என்றார். அவர்களும் வாக்குத் தவறவில்லை.

படத்தின் பெயர் 'ஸ்ரீமதி கருப்பி'. விழுப்புரம் டென்ட் கொட்டகையில் முதல் நாளே பார்த்தேன். ஆடு வந்தது. மூன்று நிமிஷம் மேய்ந்தது. ஒரு முனிவர் கமண்டலத்திலிருந்து தண்ணீர் தெளித்தார். ஆடு, சுருட்டை முடியும் ஜரிகைப் புடவையுமாக ஓர் அம்மாளாக மாறிற்று. அந்த அம்மாள் அதன் பிறகு இருபத்திரண்டு பாட்டுப் பாடினார். கழுதை இளவரசனாகியிருந்தது. காக்கையைக் காணவே காணோம்.

எனக்கு முன்னால் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர் அப்பாதுரை. ரயில்வே ஷெட்டில் கரி அள்ளுகிறவர். நாலாவது பாட்டில் அவர் எழுந்தார்.

"யோவ் ஆப்பரேட்டரு! ஆட்ட எங்கய்யா கட்டி வச்சிக்கினு இருக்க? அவுத்து வுடுய்யா!"

"முனிவரைக் கூப்புடு! தண்ணி தெளிச்சு மறுபடி ஆடாக்கச் சொல்லு!" என்றது வேறொரு குரல்.

படம் முடிந்ததும் அப்பாதுரை என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ படிச்சவன். ஆரம்பத்துல எழுத்து போட்டான்ல, கதைன்னு? அது யாரு பேரு?"

"இருதயராஜ்" என்றேன். பொய் சொல்ல முடியாது. முழ நீளத்துக்கு எழுதியிருந்தது.

"அவன்தான். நம்ம கருப்பிய எடுத்து இந்தக் கதி பண்ணினவன். எவனோ எழுதின நல்ல கதை, நடுவுல இவன் யாரு? கையில கெடைக்கட்டும்."

வாரம் முழுவதும் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஒரு முறை திட்டியது போதாது என்று ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அடுத்தபடியாகப் படம் திண்டிவனத்துக்குப் போவதாக நோட்டீஸ் வந்தது. நான் சித்தப்பாவை எச்சரிக்க ஒலக்கூருக்குப் போனேன். வீட்டில் சின்னம்மா மட்டும் இருந்தார். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஆறு எழுத்துகள் பெரிதாக எழுதியிருந்தன: இ, ரு, த, ய, ரா, ஜ்.

"இது என்ன சின்னம்மா?"

"உங்க சித்தப்பா கூத்து. சினிமாவுல பேரு வருதாம். நான் படிச்சுப் பாத்து நம்பணுமாம். பத்து நாளா இந்த ஆறு எழுத்தப் பாத்துக்கினே கேப்பைக் களி கிண்டறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எழுத்து சொல்லிட்டா நம்பிடுறேன்டா ராயப்பா. கல்லுல அடிச்ச மாதிரி இருபது வருசமா ஒரே பொய்ய எவன் சொல்லுவான்?" என்றார்.

விளக்கு வைத்த பிறகு சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சின்னம்மா ஆரம்பித்துவிட்டார்.

"வந்துட்டீங்களா மகராசா? எந்தச் சீமைக்குப் போய் எந்தக் கோட்டையப் புடிச்சிக்கினு வந்தீங்க? இது ஊடா, சத்திரமா? நான் உங்க பொண்டாட்டியா, சத்திரத்துக்காரியா?"

சித்தப்பா கை கால் கழுவினார். இது தினப்படி நடக்கும் ஜெபம்.

அவரைத் தனியே அழைத்துப்போய் விழுப்புரத்துச் செய்தியைச் சொன்னேன். அப்பாதுரையின் கை அளவையும் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "பேரு நல்லா பெருசா தெரிஞ்சிச்சா?" என்றார்.

"தெரிஞ்சதுதான் சித்தப்பா பேஜாரு."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு? எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு நிக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை மூவரும் திண்டிவனம் போனோம். கொட்டகை வாசலிலேயே முதலாளி துரைக்கண்ணு ஆப்பரேட்டரிடம் கத்திரிக்கோலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேரு வர்ற துண்ட வெட்டி எடுத்துடு. விழுப்புரத்துல அது வந்தாலே கூட்டம் எகிறிச்சாம். ரயிலேறி ஒரு கும்பல் திட்டறதுக்குன்னே இங்க வந்திருக்குது."

சித்தப்பா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "வெட்டாதீங்க முதலாளி. இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம் ஓட்டுங்க. அப்புறம் வெட்டுங்க, கொளுத்துங்க, உங்க இஷ்டம்."

"நீங்க யாரு?"

"எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியாருங்க."

துரைக்கண்ணுவும் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு வாத்தியார் கையைப் பிடித்துக் கெஞ்சினால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கத்திரிக்கோலை மடியில் செருகிக்கொண்டார்.

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர் ஒன்று உண்டு. சின்னம்மா அந்தப் பக்கம் சுவரோரம் உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம் சுவரோரம். இரண்டு வரிசை முன்னால் அப்பாதுரையின் முதுகு தெரிந்தது. நாலாவது தடவை பார்க்கிறார்.

விளக்கு அணைந்தது. "லூர்து, இப்பதான், இப்பதான்" என்று சித்தப்பா சுவருக்கு மேல் கிசுகிசுத்தார். திரையில் 'கதை' என்று விழுந்தது. கீழே ஆறு எழுத்தும் வந்தன.

"இவன்தான்டா!" என்றார் அப்பாதுரை.

இருநூறு கைகள் தரையிலிருந்து மணலை அள்ளித் திரையை நோக்கி வீசின. கொட்டகைக்குள் சூறாவளி அடித்தது. காற்று பெண்கள் பக்கமாக வீசியது. மணல் அடங்கியபோது சங்கீத டைரக்டரின் பெயர் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா லூர்து? படிச்சியா?"

"கண்ணுல மண்ணு! எங்க படிக்கிறது?" சின்னம்மா முந்தானையால் கண்ணைக் கசக்கினார். "அதுக்குள்ள பேரு வந்துட்டுப் போயிடுச்சா? நல்லா சொன்னீங்க போங்க, உங்க கதைய."

சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அந்தக் கொட்டகையில் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. அம்மாள் மூன்று பாட்டு முடித்திருந்தார். பீடிகள் பற்றிக்கொண்டன. பிறகு பெண்கள் பக்கத்தில் வெள்ளையம்மாள் என்ற மல்லாட்டைக்காரி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"கருப்பி நின்றது."

"கருப்பி யோசித்தது" என்றது தரை டிக்கெட்.

"கருப்பி நடந்தது!" என்றது பெஞ்சும் நாற்காலியும் சேர்ந்து.

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. யாரோ முதல் பாடத்தை ஆரம்பித்தார்கள். விளக்கு அணைந்து படம் ஓடியது, பாடமும் ஓடியது. அம்மாள் நிலாவைப் பார்த்து வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து நானூறு பேர் சேர்ந்து, "காக்கை அண்ணா, காக்கை அண்ணா, ஒலக்கூருக்கு எந்த வழி?" என்று கேட்டார்கள். இளவரசன் காதலைச் சொல்லக் கையை நீட்டினான். "கழுதை தெற்கே காதை ஆட்டிற்று" என்றது கொட்டகை. துரைக்கண்ணு சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஜனங்களும் கூட்டினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் நாற்காலியில் இருந்தார். போலீஸ்காரர் வழி தெரியாமல் முழிக்கும் ஒன்பதாம் பாடத்தை அவரும் சேர்ந்தேதான் ஒப்பித்தார்.

கடைசி ரீலில் அம்மாள் கிரீடம் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். சுபம் என்று விழுந்தது.

"பொய்!" என்று எழுந்தார் அப்பாதுரை. "முடிவு இது கெடையாது!"

"இல்லவே இல்ல!" என்று கொட்டகை எழுந்தது.

விளக்கைப் போட்ட துரைக்கண்ணு சுவர்மேல் ஏறி நின்றார். "அப்ப முடிவு இன்னாதான்யா? சொல்லித் தொலைங்க!"

அப்பாதுரை பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் பின்வரிசையைப் பார்த்தார்.

"கசாப்புக் கடைக்குப் போயிடும்" என்றார் ஒருவர்.

"உன் மூஞ்சி! ரயில் ஏறிப் பாண்டிச்சேரி போவும்."

"யோவ், ஆட்டுக்கு எவன்யா டிக்கெட் கொடுப்பான்?"

சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் வந்தது. பதினொரு பாடத்துக்காக உயிரைக் கொடுக்கத் தயாராயிருந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பன்னிரண்டாவது தெரியவில்லை. இவ்வளவு வருஷமும் எல்லோரும் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா எழுந்து நின்றார். வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். வகுப்பில் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பன்னிரண்டாம் பாடம்" என்றார். உட்காரச் சொல்லாமலே ஜனங்கள் உட்கார்ந்தார்கள்.

"விளக்கு வைத்த பிறகு கருப்பி தன் வீட்டை அடைந்தது. வாசலில் வீட்டுக்காரி நின்றாள். கருப்பியைக் கண்டதும் அவள் சொன்னாள்: வந்தாயோ மகராணி! எந்தச் சீமைக்குப் போய் எந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாய்? இது வீடா, சத்திரமா? நான் உன் வீட்டுக்காரியா, சத்திரத்துக்காரியா?"

எனக்குப் பக்கத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், முந்தானை கண்ணிலிருந்து இறங்கியது.

"இப்படி அரை நாழிகை திட்டினாள். திட்டிக்கொண்டே தண்ணீர் வைத்தாள். திட்டிக்கொண்டே தழை போட்டாள். திட்டிக்கொண்டே கயிற்றை எடுத்தாள், கட்டாமல் வைத்துவிட்டாள். இவ்வளவு தூரம் நடந்து வந்தது இந்தத் திட்டைக் கேட்கத்தான் என்று கருப்பிக்குத் தெரிந்தது. கருப்பி நின்றது. கருப்பி யோசித்தது. கருப்பி படுத்தது. முற்றும்."

அப்பாதுரை மெல்ல எழுந்து வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தார். "இதுதாங்க வாத்தியாரே. இதுவேதான். நீங்க கவலப்படாதீங்க, அந்த இருதயராஜ் எந்தப் பொந்துல இருந்தாலும் இழுத்தாந்து உங்க காலடியில போடறோம்."

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு மேல் சின்னம்மா எழும்பினார். ஒரு கண் சிவந்திருந்தது, மணலால். மற்றது வேறு காரணத்தால்.

"எங்கயும் தேடாதீங்கய்யா! இவருதான் இருதயராஜ்! இவரேதான் எழுதினது! வேற எவனுக்கு இது தெரியும்? என் ஊட்டு அடுப்படியில நான் திட்டுன திட்டு! ஒரு எழுத்து மாறல! அச்சடிச்சு ஊர் ஊரா வித்திருக்கான் மனுசன்!"

அப்பாதுரை பிடித்த கையை விடவில்லை. பிடியின் தன்மை மட்டும் மாறிற்று. தரை டிக்கெட் முழுவதும் எழுந்து நெருங்கியது.

"தொடாதீங்க!" சின்னம்மா ஒரு காலைச் சுவருக்கு இந்தப் பக்கம் போட்டார். "ஒருத்தனும் கை வெக்கக்கூடாது. எனக்கு இருபது வருசத்துப் பாக்கி இருக்குது. என்னையப் போயி ஆட்டுக்காரி ஆக்கிட்டு, ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி உக்காந்து என் கையால களி துன்னுக்கினு இருந்திருக்கான். நட யோவ் வாத்தியாரே!"

கூட்டம் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தது. தாங்கள் செய்ய நினைத்ததைவிட மேலான காரியம் நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டு வழிவிட்டது.

வாசலுக்கு வெளியே வண்டி நிற்கும் இடம் வரை சின்னம்மா நிறுத்தவில்லை. புத்தகத்தில் வந்ததெல்லாம் முடிந்து, வராதது ஆரம்பமாகியிருந்தது. சித்தப்பா நாலடி பின்னால், தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். வண்டியில் ஏறும்போது என் காதருகே குனிந்தார்.

"ராயப்பா, பென்சில் வச்சிருக்கியா?"