கிணற்றுக்கு வந்த நற்சான்றிதழ்

உலகத்தில் சுத்தமான தண்ணீர் இரண்டே இடத்தில்தான் உண்டு. ஒன்று மேகத்தில், மற்றொன்று தையல்காரர் வீட்டுக் கிணற்றில். மேகத்தைப் பற்றி அவருக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கிணற்றை ஒட்டி செப்டிக் டேங்க் கட்டியிருந்தார். கைக்குழந்தையோடு வந்திருந்த மகளுக்கு மனசு கேட்கவில்லை. விலைக்கு வாங்கிய தண்ணீரில்தான் பால்பவுடர் கரைத்தாள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்க லேபிலிருந்து ஒரு சின்ன பாட்டிலும் வாங்கி வந்தாள்.

"செப்டிக் டேங்கிலேர்ந்து நைட்ரேட் கசிஞ்சிருந்தா கைக்குழந்தைக்கு ஆகாதுப்பா. வாசனை தெரியாது, ருசி தெரியாது. காய்ச்சினாலும் போகாது."

"வாசனையும் இல்ல, ருசியும் இல்லேன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்லேன்னுதானே அர்த்தம்? தண்ணிக்கு என்ன காய்ச்சலா, டெஸ்ட் எடுக்க? இதைக் குடிச்சுத்தான் நீ இவ்ளோ வாயாடியா வளர்ந்தே."

"அப்பவே டெஸ்ட் பண்ணியிருக்கணும்."

கடைக்குப் போகிற வழியில் லேபில் கொடுப்பதாக பாட்டிலை வாங்கிக்கொண்டவர், கடையில் வாடிக்கையாளர்களுக்காக வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கேனிலிருந்து அதை நிரப்பினார். கிணற்றின் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. லேப்காரர்கள் மேல்தான் நம்பிக்கை இல்லை.

ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி தையல்காரர் படித்துக் காட்டினார்.

"நீங்க சொன்னதுதான் சரிப்பா," என்றாள் மகள். "வீணா பயந்துட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் குழந்தை பசித்து அழுதது. மகள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பால்பவுடர் டப்பாவைத் திறந்தாள். தாத்தாவின் மடியில் கிடந்த குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவரே தைத்த சட்டை, பொத்தான் வராது. அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"இரும்மா. வாங்கின தண்ணியிலேயே கரை."

"ஏம்பா? ரிப்போர்ட்தான் நல்லா வந்திருக்கே."

"வந்திருக்கு." தொண்டையைச் செருமினார். "அது கடையில இருக்கிற கேனுக்கு வந்த ரிப்போர்ட்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு காய்ச்சிய தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு, வாங்கிய தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் தையல்காரர் லேபுக்குப் போய் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தார். கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு பாட்டிலை நிரப்பினார்.

லேப் பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்கார உறவினரை அழைத்து வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.