நூற்றுவர் தலைவனுக்கு ஒரு தலைக்கவசம்

ஊறிய செய்தித்தாளும் மைதாப் பசையும் விரலிடுக்கில் வழிகின்றன, கவசத்தின் இடப்பக்கம் இன்னொரு அடுக்கு ஒட்டலாமா என்று ஜெசிந்தா தடவித் தடவிப் பார்க்கிறாள், அந்தப் பக்கம்தான் அவள் புருஷன் ரெமிஜியுஸின் மண்டையில் எலும்பு இல்லை, போன ஐப்பசியில் பைக்கிலிருந்து விழுந்தவனுக்கு உள்ளங்கை அகலம் எடுத்துவிட்டார்கள், கோடை கழித்துத்தான் திரும்ப வைப்பார்களாம், அடி மட்டும் படக்கூடாதும்மா என்றார் டாக்டர், இந்த மனுஷனுக்கோ இந்த வருஷமும் இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் ரோமாபுரி நூற்றுவர் தலைவன் வேஷம் வேண்டுமாம், ஆசையைப் பாரேன்.

கல்யாணமான புதிதில் அவன் தலையிலேயே பிளாஸ்டர் பூசி அச்செடுத்தாள், சூடு ஏறுதுளா, மண்டை வெந்துரும்போல என்று அவன் சிரித்த சிரிப்பில் மூக்குப் பக்கம் விரிசல் விட்டது, அந்த அச்சில்தான் இந்தத் தடவையும் முதலில் ஃபைபர் வார்த்தாள், புத்தி கெட்டவள், வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் இறுக்கி இடப்பக்கம் லொடலொடவென்று ஆடியது, அச்சில் இருந்தது பழைய தலையல்லவா, இது மறந்துபோகிற விஷயமா. ஃபைபரே போடுங்கக்கா, சம்மட்டியால அடிச்சாலும் ஒடயாது என்றான் கடைக்காரன், உடையாததுதானே அவளுக்குப் பயம், விளிம்பு உள்ளே குத்தினால் என்ன செய்வது, தகரம் வெட்டும், பிவிசி வேர்க்கவைக்கும், கடைசியில் காகிதக்கூழ்தான், நனைத்தால் வளையும், காய்ந்தால் நிற்கும், குழியைத் தொடாமல் சுற்றிலும் மெத்தைக்கடை ஸ்பாஞ்சு, இருந்தும் மேடையில் பயல்கள் மரவேல்களைச் சுழற்றுவதை நினைத்து இடப்பக்கம் இன்னொரு அடுக்கும் ஒட்டிவிட்டாள்.

மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் மாட்டிவிட்டாள், வலிக்கா, இல்ல, தலையை ஆட்டுங்க, ஆட்டினான், இம்மியும் அசையவில்லை, அப்பாடா என்று அவள் மூச்சுவிடுவதற்குள் அவன் ஒத்திகை பார்ப்பவனாய் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான், ஐயையோ, இந்த ஊர் நாடகத்தில் இயேசு உயிர்விட்டதும் நூற்றுவர் தலைவன் சிலுவையடியில் முழங்காலிட்டு வெறுந்தலையோடு நிற்பான், ஒப்பாரிப் பாட்டு முடிகிறவரை நிற்பான், எட்டு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது எப்படி மறந்தது, தலையில் ஏறுவதையே நினைத்து இறங்குவதை விட்டுவிட்டாளே. ஏங்க, அந்த எடத்துல மட்டும் கழட்டாம நில்லுங்களேன், பங்குச் சாமியார்கிட்ட நான் பேசுதேன், ஊரே பாக்குமே என்றாள். பாக்கட்டும்ளா, அஞ்சு மாசமா ஒவ்வொருத்தனும் என் தலைத்துண்டுக்கடியில எட்டி எட்டிப் பாக்கான், மொத்தமா ஒருநாள் பாத்துட்டுப் போவட்டும், அதுக்குத்தான் வேஷமே கேட்டேன் என்றான் ரெமிஜியுஸ். அவளுக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது, இதை முதலிலேயே சொன்னால் என்ன, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்து வந்தாள், குனிங்க, இந்தப் பக்கம் முடி கோணக்கோணயா நிக்குது, இப்படியேவா ஊர் முன்னால நிக்கப்போறீய என்றாள், அவன் குனிந்தான், அவள் விரல்கள் முதல் தடவையாக அந்த இடத்தைத் தொட்டன.