ஆட்டுக்கும் கழித்த மூன்று கிலோ

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் லொறி வந்து நின்றது. மிருக வைத்தியர் கிஷாந்த் இறங்கி, என் பட்டியில் நின்ற டோர்ப்பர் கிடாவை ஏற்றச் சொன்னார்.

கறுப்புத் தலையும் வெள்ளை உடம்புமான அந்தச் சீமைக் கிடாவை எங்கள் நாட்டுப் பெட்டைகளோடு சேர்க்கத்தான் போன வருடம் மிருக வைத்திய அலுவலகத்தில் தந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். கலப்புக் குட்டி நாலு மாதத்தில் பதினெட்டுக் கிலோ வர வேண்டும். வராவிட்டால் கிடா வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

“மூணு குட்டியும் பதினாறுதான் ஜீவராணி,” என்று கொப்பியைக் காட்டினார். “நாட்டுக் குட்டிய விடக் கொஞ்சந்தான் கூட.”

பதினாறா! புதன்கிழமை கொழுந்து மடுவத்தில் நிறுத்த குட்டிகளில் ஒன்றைத்தான் மறுநாள் தலவாக்கலை இறைச்சிக்கடை பைஸர் வாங்கிப் போனார். அவர் தராசில் பத்தொன்பது காட்டியதை நானே பார்த்தேன். அன்று மாலையே போன் எடுத்து, “கொழுப்பு கம்மி, வாடையே இல்ல, கறி பூவா வேகுதாம். மத்த ரெண்டையும் எனக்கே தாங்க,” என்றார். ஒரே நாளில் மூன்று கிலோ ஏற அது புல்லைத் தின்றதா, கல்லைத் தின்றதா?

வைத்தியரைக் கையோடு மடுவத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை கந்தப்பன்தான் குட்டிகளையும் நிறுத்து எழுதியவர்.

“குட்டிக்கு என்னங்க எழுதுனீங்க?”

“பனியில நனைஞ்சிருந்திச்சு. ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு கழிச்சேன். எல்லாத்துக்கும் கழிக்கிறதுதானே.”

“சாக்கு எங்கங்க இருந்திச்சு? கயித்துல கட்டித்தானே தொங்கவிட்டேன்!”

கழித்துக் கழித்தே பழகிய கை, உயிருள்ள குட்டியையும் விடவில்லை. மற்ற இரண்டையும் இழுத்து வந்து வைத்தியர் கண்முன்னே தொங்கவிட்டேன். பத்தொன்பது. பத்தொன்பதரை. அவர் பழைய எண்ணை வெட்டிப் புதிதாக எழுதி, லொறியை வெறுமனே அனுப்பினார்.

கிடா தப்பியது. என் கோபம்தான் தணியவில்லை. பதினெட்டு வருடமாக, மண் வெடிக்கிற மாசி வெயிலிலும் என் கொழுந்துக்கு ஈரம் கழிக்கிற கை அது. ஆட்டுக்காகச் சண்டை போட்ட இந்த வாய் எனக்காக ஒரு நாளும் திறக்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பகல் நிறுவைக்கு என் கொழுந்தைத் தராசில் மாட்டினேன். பன்னிரண்டு காட்டியது. கந்தப்பன் ஒன்பது என்று எழுதப் போனார். கொப்பியின் மேல் கையை வைத்தேன்.

“ஆட்டுக்குட்டிக்கு முழு நிறை எழுதியாச்சு. இப்ப மனுசிக்கு எழுதுங்க.”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீனம்மா தன் கொழுந்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

“எழுதுங்க,” என்றாள். “எழுதுற வரைக்கும் நாங்க நிக்கிறோம்.”