வில்மாவின் கேள்விச் சுற்று

மயில்கழுத்து நிறக் கவுனைத் தரையில் இழுத்தபடி அண்ணன் மேடைக்கு வந்ததும் நெலித்தா விசிறுவதை நிறுத்திவிட்டாள். கூடைப்பந்துத் திடல் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள்; ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. திருவிழாவுக்கு முந்தின மாலை, பெண்ணாக ஒப்பனை செய்துகொள்ளும் ஆண்களுக்கென்று நடக்கும் அழகிப் போட்டி அது. பகலில் அழகுநிலையத்தில் முடி வெட்டும் வில்ஃபிரெடோ, இந்த மேடையில் வில்மா. நடையில் அவனை அடிக்க இலோயிலோ மாகாணத்தின் இந்தக் கரையோரத்தில் ஆள் கிடையாது. இத்தனை வருஷமாக அவனைக் கவிழ்த்ததெல்லாம் கடைசியில் வரும் கேள்விச் சுற்றுதான். மைக்கைக் கண்டால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம், பிடித்த சாப்பாடு எது என்று கேட்டார்கள். உலக சமாதானம் என்றான். அன்று சிரித்த ஊர் இன்னும் வாயை மூடவில்லை. வருகிற ஆண்டு அவனுக்கு ஐம்பது முடிகிறது; அதற்குமேல் மேடை ஏறப் போட்டி விதி விடாது. கிரீடம் கிடைத்தால் இன்று, இல்லையென்றால் இல்லை.

அதனால்தான் தங்கையைத் தேடி வந்திருந்தான். நெலித்தா கல்லூரியில் பேச்சுக்கலை பாடம் எடுக்கிறாள். பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்கிறவர் மனசில் உண்டாகும் உணர்ச்சி, சொல்லும் நியாயம் என்று பழைய கிரேக்கர்கள் பிரித்து வைத்த மூன்றையும் அவள் ஷாம்பு விளம்பரத்திலும், தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகளை அறைவதற்கு முன் பேசும் வசனத்திலும், ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடும் ஜீப்னி வண்டியின் கண்ணாடியில் எழுதியிருக்கும் வாசகத்திலும் காட்டித்தான் நடத்துவாள். சக ஆசிரியர்கள் அதை டிவி பார்க்கிற வகுப்பு என்று கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். பிள்ளைகள் அவள் வகுப்பில்தான் தூங்குவதில்லை.

ஒரு வாரமாக அழகுநிலையத்தில், முடி உலர்த்தும் கருவியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பயிற்சி. எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலை ஆங்கிலத்தில் தைத்துக் கொடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்பது அந்த மேடையில் எழுதாத சட்டம். அண்ணன் அதைத் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தான். "இது மட்டும் சொதப்பிச்சுன்னா, டீச்சரம்மா, உன் மானமும் சேந்து போகும்" என்றான். உண்மைதான். அவள் வகுப்பில் அளந்ததெல்லாம் இப்போது கவுன் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றது.

பக்கத்தில் அப்பா, திருவிழாவுக்கென்று எடுத்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையில். காலமெல்லாம் ஜீப்னி ஓட்டி இயந்திர இரைச்சலில் காதைத் தொலைத்தவர். காதருகே கத்தினால்தான் கேட்கும்; ஆனாலும் எல்லா வருஷமும் முதல் வரிசையில் அவர் நாற்காலி உண்டு.

நடுவர் அம்மாள் கேள்விச் சீட்டைப் பிரித்தாள். உங்களைப் போன்ற பிள்ளையை வீட்டில் சேர்க்காத தகப்பனுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வில்மா புன்னகைத்தான். இந்த அழகான கேள்விக்கு நன்றி என்று, பயிற்சி செய்தபடியே ஆங்கிலத்தில் தொடங்கினான். அப்புறம் நின்றுவிட்டான். நெலித்தா அடுத்த வரியை உதட்டசைத்துக் காட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். அந்த வரியை எடுத்துக்கொள்ளவில்லை. பின்வரிசையில் யாரோ, "உலக சமாதானம்!" என்று குரல் கொடுக்க, திடல் சிரித்தது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்றான் வில்மா, வீட்டில் பேசுகிற பேச்சில். "நான் அழுது பாத்தேன், கால்ல விழுந்து பாத்தேன். எதுவும் எடுபடல. எனக்குப் பதினாறு வயசு. இதே மாதிரி திருவிழாவுக்கு முந்தின நாள். அம்மாவோட பாவாடையில பாத்துட்டு, அப்பா என்னை வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டாரு. நான் வாசல்ல உக்காந்திருந்தேன். அப்ப என் தங்கச்சி சின்னப் பொண்ணு. உள்ள அவ அப்பாகிட்டப் பேசினது எனக்குக் கேட்டுது."

நெலித்தா அதை மறந்தே போயிருந்தாள்.

"அவ கெஞ்சல. 'அப்பா, நாளைக்கு விருந்துக்கு எல்லாரும் வருவாங்க, அண்ணன் எங்கேன்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க, நானும் அதையே சொல்லிடறேன்' அப்படின்னா."

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மறுநாள் விருந்துக்குப் பன்றி வாட்டுகிற புகை மட்டும் மெல்லத் திடலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு போல. அப்புறம் தாழ்ப்பாள் திறக்கற சத்தம் கேட்டுது." வில்மா மைக்கைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்தினான். "நாளைக்கும் விருந்துதான். நம்ம ஊர்ல எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும், எல்லாரும் வருவாங்க. யார் வீட்டுலயாவது ஒரு பிள்ளை குறைஞ்சா, கேப்பாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. யாரும் கைதட்டவில்லை. நாலு வரிசை தள்ளி ஒரு மனிதர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நெலித்தா எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. இருந்தும் அத்தனையும் தன்னுடையது என்று நினைத்தாள். பிறகு, இல்லை, அவனுடையது என்று திருத்திக்கொண்டாள். முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா அவள் முழங்கையை இடித்தார். "என்னடி சொன்னான்? எல்லாரும் எதுக்கு என்னைப் பாக்கறாங்க?"

வருஷக்கணக்கில் பேச்சைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்கியவள், நம்பிக்கை, உணர்ச்சி, நியாயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"நீங்க கதவைத் திறந்ததைச் சொன்னாம்ப்பா!"

அது திடலின் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா மேடையை ஒருமுறை பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவள் கையை வேண்டாமென்று விலக்கினார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்கிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, ஊர்ப் பக்கம் திரும்பி நின்றார்.